பாதிக் கிணறு

1965 பிப்ரவரி 3, புதன்

பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு கோப்பை ஏறியிருக்கிறது. லால்பாக் புஷ்பக் காட்சியில் ஆராவமுதனின் ரோஜாவுக்கு இரண்டாம் பரிசு. பால்காரன் கண்ணிலும் பட வேண்டும், அவன் மாட்டின் கண்ணிலும் பட வேண்டும் என்று திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டியிருக்கிறார்கள். "வெள்ளிக் கோப்பைம்மா" என்றாள் என் நாட்டுப்பெண் ருக்கு. பித்தளைக்கு முலாம் பூசியது. என் கண்ணுக்கு இன்னும் அவ்வளவு தெரிகிறது.

ஆராவமுதன் சர்க்காரில் ஏரி, கால்வாய் எல்லாம் பார்த்து ரிடையர் ஆன இன்ஜினீயர். ஊர் வயலுக்கெல்லாம் ஜலம் விட்டு ஓய்ந்தவர், இப்போது ரோஜாவுக்கு விடுகிறார். இரண்டாம் பரிசு போதவில்லையாம். ஆகஸ்டுக் காட்சியில் முதல் பரிசு வேண்டுமாம். அதற்காகக் கிணற்றில் கரெண்டு மோட்டார் வைக்கப் போகிறாராம்.

யாருடைய கிணற்றில்?

அந்தக் கிணறு இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. மதில் சுவர் அதன் தலைக்கு மேலே வளைந்து ஏறிப் போகிறது. பாதி வட்டம் இங்கே, பாதி வட்டம் அங்கே. இங்கே எங்கள் ராட்டினம், அங்கே அவர்கள் ராட்டினம். அந்தப் பக்கம் சேந்துகிறவளின் முகம் தெரியாது. கயிற்றைப் பிடிக்கிற கை மட்டும் தெரியும். ஆராவமுதன் பெண்டாட்டி யசோதாவோடு எனக்குப் பதின்மூன்று வருஷமாகப் பேச்சில்லை. கையை மட்டும் தினம் பார்க்கிறேன். இளைத்துப் போயிருக்கிறது. இளைக்கட்டும்.

பிப்ரவரி 6, சனி

"ஏன் பாட்டி அவாளோட பேச மாட்டேங்கறே?" என்று சுந்தரேசன் கேட்டான். பேரன். காலேஜில் படிக்கிறான், அதனால் வீட்டில் நடந்தது ஒன்றும் தெரியாது.

சொன்னேன். ஐம்பத்திரண்டு, தை மாதம். உன் அத்தை பாகீரதிக்கு இந்த வீட்டில்தான் கல்யாணம். சமையல்காரர்கள் விடியற்காலையிலிருந்து ஜலம் இறைக்கிறார்கள். சம்பந்தியம்மாள் எங்கள் பக்கம் நின்று வாய் கொப்பளித்துக் கொண்டிருக்கிறாள். சற்று முன்தான் மாம்பழக் கலர் புடவை, தலையில் தாழம்பூ என்று வந்து போன இந்த யசோதா அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறாள்: "கல்யாணத்துக்கு வந்திருக்கறவா கிணத்தையே குடிச்சுட்டுப் போயிடுவா போலிருக்கே!"

சொன்னவள் அன்றைக்கே மறந்திருப்பாள். சம்பந்தியம்மாள் மறக்கவில்லை. திருச்சியில் அந்த வீட்டில் யார் ஜலம் கேட்டாலும் என் பெண்ணைப் பார்த்து, "பார்த்துக் குடும்மா, உங்காத்துக் கிணறு வத்திடப் போறது" என்பாளாம். பதின்மூன்று வருஷம். பாகீரதி மூன்று பிள்ளை பெற்றாச்சு, இன்னும் கேட்டுக் கொண்டிருக்கிறாள்.

"இவ்வளவுதானா?" என்றான் பையன்.

இவ்வளவுதானாம்.

பிப்ரவரி 15, திங்கள்

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. அடியில் பாத்திரம் வைத்தால் காலைக்குள் நிரம்புகிறது. வைப்பது நான், எடுத்துத் துளசிக்கு ஊற்றுவதும் நான். என் பிள்ளை வெங்கடகிருஷ்ணன் "நாளைக்கு ஃபிட்டரைக் கூப்பிடறேம்மா" என்கிறான். இந்த நாளைக்கு பொங்கலுக்கு முன்னே ஆரம்பித்தது. ருக்கு பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறாள். துணைக்கு ஓடட்டும் என்று போலிருக்கிறது.

எனக்கென்ன. என் வாயில் குழாய் ஜலம் பட்டதில்லை. முப்பத்திநாலில் இந்த வீட்டுக்குக் குழாய் வைத்தார்கள். ஃபிட்டர் ஒரு தோல் வில்லையை எடுத்தான். மாட்டுத் தோல். இறுக்கமாக உட்கார வேண்டும் என்று அதை வாயில் போட்டு மென்று நனைத்து, துப்பி, குழாய்க்குள் மாட்டினான். நான் பார்த்துக் கொண்டே நின்றேன். அன்றைக்குச் சொன்னேன், இந்தக் குழாய் ஜலத்தைக் குடிக்க மாட்டேன் என்று. குடிப்பது, ஸ்வாமிக்கு வைப்பது, என் சமையல், எல்லாம் கிணற்று ஜலம்தான். யசோதாவும் குழாயைத் தொடமாட்டாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் புத்தி உண்டு.

பிப்ரவரி 22, திங்கள்

மோட்டாருக்குப் பூஜை. எங்கள் வாசலில் நின்றே எல்லாம் தெரிந்தது. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் பூசி... என் பிள்ளை வெங்கிட்டு பூணூலுக்குக்கூட இவ்வளவு பண்ணவில்லை. பொத்தானை அமுக்கியதும் எருமை மாதிரி ஒரு சத்தம். ரோஜாப் பாத்தியெல்லாம் வெள்ளம். பாத்தி நிரம்பி, நடைபாதையில் ஓடி, வாசல் கேட்டுக்கு அடியில் நுழைந்து சாக்கடையில் விழுந்தது. ஆராவமுதன் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக் கொண்டிருந்தார்.

அவர்கள் வீட்டில் ஜலத்துக்குத் தீர்த்தம் என்று பேர். சாக்கடைக்கு இன்றைக்குத்தான் தீர்த்தம் கிடைத்தது.

மார்ச் 11, வியாழன்

ராட்டினக் கயிறு போதவில்லை. ஒரு முழம் சேர்த்து முடிந்தேன்.

கொல்லைக் கதவுக்குப் பின்னால் சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் வரிசை வீடுகள். அங்கே இருக்கிற ஜானகி வந்தாள். இரண்டு மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், எங்கள் வீட்டில் இல்லை. புருஷன் முனியப்பன் மில்லில் வேலை. அவர்களுக்கெல்லாம் சந்து முனையில் ஒரே ஒரு குழாய், நல்லி என்பார்கள்.

"பெரியம்மா, கிணத்துல ரெண்டு கொடம் சேந்திக்கிறேன். நல்லில காத்துதான் வருது. நேத்தும் வர்ல, இன்னிக்கும் வர்ல."

"கிணத்துல கை வைக்கப்படாது. ருக்கு குழாயில புடிச்சுத் தருவா."

"ஒரு கொடம் தருவாங்க. சந்தே நிக்குதேம்மா."

"அதுக்கு நான் என்னடி பண்ண? ஸ்வாமிக்கு எடுக்கற ஜலம். மடிக் கிணறு."

அவள் மதிலைப் பார்த்தாள். அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக் கொண்டிருந்தது. பாத்தி நிரம்பி வழிகிற சத்தமும் கேட்டது.

"அப்ப அந்த ரோஜாச் செடி என்ன ஜாதிம்மா?"

கேட்டுவிட்டுக் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டு போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம்! இந்தத் தெருவில் என்னிடம் இப்படிப் பேசினவர்கள் யாரும் இல்லை. மார்ச் பதினொன்று, வியாழக்கிழமை. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 12, வெள்ளி

என்ன ஜாதியாம். கேட்கிறாள் பார்.

மார்ச் 14, ஞாயிறு

சீமைச் செடி. அதற்கு ஏது ஜாதி.

மார்ச் 20, சனி

சுந்தரேசன் பேப்பரைத் தூக்கிக் கொண்டு ஓடி வந்தான். ரஷ்யாக்காரன் ஒருத்தன் ராக்கெட்டை விட்டு வெளியே வந்து ஆகாசத்தில் நடந்தானாம். "மனுஷா எங்கேயோ போயிண்டிருக்கா பாட்டி!"

போகட்டும். சந்து முனை நல்லிக்குத் தண்ணீர் இன்னும் நடந்து வரவில்லை.

அதே பேப்பரில் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று போட்டிருக்கிறதாம். உலகத்தில் எத்தனையோ கோடிப் பேருக்கு நல்ல குடிஜலம் கிடையாதாம், பெரிய பெரிய மனுஷர்கள் எங்கோ உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பேசும்போது மேஜையில் ஆளுக்கொரு கண்ணாடிக் கூஜா வைத்திருப்பார்கள். பாதி குடித்துவிட்டுப் பாதியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இதைப் படித்துச் சொல்லிவிட்டுப் பையன் ஷேவ் பண்ணப் போனான். குழாய் திறந்தபடி. முகத்தில் நாலு மயிர், அதற்கு ஒரு ஏரி.

ஏப்ரல் 2, வெள்ளி

கிணறு இறங்கிக் கொண்டே போகிறது. நீயாவது போய்ப் பேசு என்று வெங்கிட்டுவை அனுப்பினேன். அலுவலகத்தில் இவனுக்குக் கீழே எட்டுப் பேராம். நிமிர்ந்து கொண்டுதான் போனான்.

திரும்பி வரும்போது கையில் ஒரு ரோஜா.

"என்னடா சொன்னார்?"

"நல்ல மாதிரியாப் பேசினார்ம்மா. காப்பி குடுத்தா."

"மோட்டாருக்கு என்ன சொன்னார்?"

"கிணத்துல பாதி என்னுது, என் பாதியிலேர்ந்துதான் நான் எடுக்கறேன்னார். ஸ்வல்பம் அட்ஜஸ்ட் பண்ணிண்டாப் போறதுன்னார்."

அவர் பாதியிலிருந்து எடுக்கிறார். ஆகா. ஜலத்துக்கு நடுவில் பாத்தி கட்டியிருக்கிறார் போலிருக்கிறது, இன்ஜினீயர் இல்லையா.

ரோஜாவை ருக்கு தலையில் வைத்துக் கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 15, வியாழன்

விசுவாவசு வருஷம் பிறந்தாச்சு. வேப்பம்பூப் பச்சடிக்குக் கிணற்று ஜலம் கலங்கலாக வந்தது. துணியில் வடிகட்டிக் காய்ச்சினேன்.

சாப்பிடும்போது வெங்கிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அம்மா, மழை ஒண்ணும் காணோம். கிணறு வத்திடுத்துன்னா ரெண்டுல ஒண்ணு. குழாய் ஜலத்தைக் குடி. இல்லேன்னா மழை வர்ற வரைக்கும் திருச்சில பாகீரதி ஆத்துல இரு. அங்கே காவேரி இருக்கு."

காவேரி இருக்கிறது. அந்தச் சம்பந்தியம்மாளும் இருக்கிறாள். நான் போய் வாசலில் இறங்கி ஒரு டம்ளர் ஜலம் கேட்பேன். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா? "என்ன சம்பந்தி, உங்காத்துக் கிணறு கடைசியிலே வத்தியே போயிடுத்தா?" பதின்மூன்று வருஷமாக அவள் அதற்காகத்தானே காத்திருக்கிறாள்! என் பெண் கதவோரத்தில் தலையைக் குனிந்து கொண்டு நிற்பாள்.

போகமாட்டேன். இந்தக் கிணறு வற்றினால் நானும் இங்கேயே வற்றிப் போகிறேன்.

ஏப்ரல் 27, செவ்வாய்

குடம் தரையைத் தொட்டு ணங்கென்று சத்தம் போட்டது. அரைக் குடம் சேறு. நான் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே மோட்டாரைப் போட்டுவிடுகிறார். இரவெல்லாம் ஊறினது ரோஜாவுக்கு. அடியில் தங்கினது எனக்கு.

வெங்கிட்டு ரயில் டிக்கெட் விசாரித்தானாம். ருக்கு என் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள். கேட்டேனா? கேட்கவில்லை. நல்ல பெண்.

அந்தப் பக்கம் யசோதா கயிறு விட்டாள். அவளுக்கும் சேறுதான் வந்தது போலிருக்கிறது. "சை" என்று ஒரு சத்தம் கேட்டது. வீட்டுக்காரரிடம் சொல்வதுதானே? சொல்ல மாட்டாள். கோப்பை ஜன்னலில் இருக்கிறதே.

மே 3, திங்கள்

யோசித்தேன். அவர் பாதி அவருக்கு, என் பாதி எனக்கு. அப்படித்தானே சொன்னார்? சரி.

கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக் கொண்டு நின்றேன். ஜானகி பாத்திரம் தேய்த்துவிட்டு அந்த வழியாகத்தான் போவாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள்.

"ஏண்டி, காது கேக்கலையா? நாளைக்குக் காலம்பற வா. குடம் கொண்டா. உன் சந்துல இருக்கறவாளையும் கூட்டிண்டு வா."

"எதுக்கு?"

"கிணத்துல சேந்திக்கோ."

அவள் நம்பவில்லை. "மடிக் கிணறுன்னீங்களே?"

"எனக்கு வேண்டியதை நான் முன்னாடியே எடுத்து மூடி வெச்சுடுவேன். அப்புறம் நீங்க எடுத்துக்கோங்கோ. ஆனா ஒண்ணு. அந்தப் பக்கத்து மோட்டார் கத்த ஆரம்பிக்கறச்சே எடுக்கணும். அதுக்கு முன்னாடி கயிறைத் தொடப்படாது."

ஜானகி என்னையே பார்த்தாள். பிறகு மதிலைப் பார்த்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு, கழுதை.

"நாங்க தண்ணி குடிக்கணும்னு கூப்பிடல. ரோஜா குடிக்கக் கூடாதுன்னு கூப்பிடறீங்க."

"உனக்கு வேணுமா, வேண்டாமா?"

"வேணும் பெரியம்மா."

ருக்கு உள்ளேயிருந்து, "அம்மா, மடி?" என்றாள். டிரங்குப் பெட்டியை முதலில் உள்ளே எடுத்து வை என்றேன்.

மே 4, செவ்வாய்

இன்றைக்கு நான் பார்த்ததை எந்த சினிமாக் கொட்டகையிலும் காட்ட மாட்டார்கள்.

விடிவதற்கு முன் எழுந்து எனக்கு வேண்டியதை வடிகட்டி வைத்தாச்சு. சந்துப் பெண்கள் வந்து வரிசையாக நின்றார்கள். ஒருத்தியும் மூச்சு விடவில்லை. மோட்டார் கத்த ஆரம்பித்ததும் நான் தலையை ஆட்டினேன். பார்க்கணுமே! ஒருத்தி குடம் ஏறும்போது இன்னொருத்தி குடம் இறங்குகிறது. ராட்டினத்துக்கு ஓய்வே இல்லை. கொஞ்ச நேரத்தில் மோட்டாருக்கு இருமல் வந்தது. பெரிய இருமல். பிறகு வெறும் காற்றை உறிஞ்சிக் கொண்டு ஓலமிட்டது. பிறகு நின்றது.

ஆராவமுதன் மதில் பக்கம் ஓடி வந்தார். செருப்புச் சத்தம் கேட்டது.

"யாரது அங்கே? என்ன நடக்கறது? வெங்கடகிருஷ்ணன்! இதென்ன, தெரு ஜனம் பூரா வந்து ஜலத்தைக் காலி பண்றது?"

வெங்கிட்டு உள்ளே சட்டை தேடிக் கொண்டிருந்தான். அவனுக்கு அந்தச் சட்டை கிடைப்பதாக இல்லை. நானே சொன்னேன். முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டு, மதிலைப் பார்த்துச் சொன்னேன்.

"யாரும் யார் ஜலத்தையும் எடுக்கலை. என் பாதியிலேர்ந்துதான் எடுக்கறா. ஸ்வல்பம் அட்ஜஸ்ட் பண்ணிண்டாப் போறது."

ஜானகி குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என் முன்னால் அவள் சிரிக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் எனக்கும் வந்துவிட்டது.

மே 12, புதன்

தினமும் இதுதான். அவர் முன்னால் போட்டால் இவர்களும் முன்னால் வருகிறார்கள். யார் வீட்டிலும் தூக்கம் இல்லை. ரோஜா இலை சுருண்டுவிட்டது என்று ருக்கு சொல்கிறாள். எனக்கும் சேறு குறைந்து கொண்டுதான் வருகிறது. நேற்று ஒரு தோண்டி. இன்று அரைத் தோண்டி. அதுவும் நாற்றம்.

அவரை ஜெயித்தாச்சு. கிணறுதான் எங்கள் இரண்டு பேரையும் ஜெயித்துவிடும் போலிருக்கிறது.

மே 19, புதன்

வந்தது பார் வினை.

மோட்டார் ஓடியும் சொட்டு ஏறவில்லை என்று மெக்கானிக் கோவிந்தப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். கிணற்றுக்குள் விட்டிருந்த குழாயை மேலே இழுத்தான். அடி நுனியில் ஒரு இரும்பு முடிச்சு. ஃபுட் வால்வாம். ஏறின தண்ணீர் திரும்பக் கீழே இறங்காமல் மூடிக் கொள்ளுமாம். அதைக் கழற்றினான். நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கத்திலிருந்து மதில் வளைவு வழியாகக் குனிந்து பார்த்துக் கொண்டிருந்தோம்.

"வால்வு நல்லாத்தான் இருக்குது சார். உள்ளே தோல் தேஞ்சு போச்சு. வேற தோல் போட்டா ஆச்சு."

அந்தத் தோலைத் தூக்கிக் காட்டினான்.

உள்ளங்கை அகலம். கறுத்து, ஊறி, கொழகொழவென்று. மாட்டுத் தோல். பிப்ரவரியிலிருந்து கிணற்றுக்குள் ஊறிக் கொண்டிருந்திருக்கிறது. குழாய் வில்லையாவது சுண்டைக்காய் அளவு! நான் ஸ்வாமிக்கு வைத்தது, சமைத்தது, குடித்தது, பச்சடி...

சுந்தரேசன் சிரித்தான். வெங்கிட்டு அவன் முதுகில் ஒன்று வைத்தான், பிறகு அவனும் வேறு பக்கம் திரும்பிக் கொண்டான். தோள் குலுங்கியது. எனக்குத் தெரியாதா!

மதிலுக்கு அந்தப் பக்கம் டம்ளர் ஒன்று தரையில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது.

மே 20, வியாழன்

நேற்றிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. வாத்தியார் வந்தார். கிணற்றுக்குப் புண்யாஹவாசனம் பண்ணினால் சுத்தியாகிவிடும் என்றார். எல்லாம் பண்ணலாமாம். கலசத்துக்கு மட்டும் ஜலம் வேணுமாம். கிணற்றில் இல்லை. குழாய் ஜலத்தைக் கொண்டு கிணற்றைச் சுத்தி பண்ணுவதா என்று கேட்டேன். மழை வரட்டும் என்று சொல்லிவிட்டுத் தட்சிணையை வாங்கிக் கொண்டு போனார்.

ருக்கு சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் கொண்டு வந்தாள். "போதும்மா, குடிச்சுடுங்கோ. யாரும் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா." நினைத்துக் கொள்ளத்தானே போகிறாள்! முப்பத்தொரு வருஷமாகக் குடிக்காத ஜலத்தை இவள் கண் எதிரில் குடித்து, ஆயுசுக்கும் இவள் அதைச் சொல்லிக் கொண்டிருக்க...? வேண்டாம் என்றேன். டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதையும் நான் பார்க்கவில்லை. எத்தனை முறை பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மாமி. இருக்கேளா?"

கயிற்றைச் சுருட்டி வைத்தேன்.

"நானும் நேத்திலேர்ந்து ஒண்ணும் குடிக்கலை மாமி." கொஞ்சம் பொறுத்து, "பாகீரதி சௌக்யமா?"

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அவ்வளவையும் சொன்னேன். தை மாதம், மாம்பழக் கலர் புடவை, தாழம்பூ, அவள் சொன்ன வார்த்தை ஒன்று விடாமல். திருச்சியில் என் பொண்ணு என்ன பாடு படறான்னு தெரியுமாடி நோக்கு என்றேன். 'டி' என்றுதான் வந்தது.

வளைவுக்கு அடியில் அவள் கை கிணற்றுச் சுவரைப் பிடித்துக் கொண்டது.

"நான் வேடிக்கைக்குன்னா சொல்லியிருப்பேன். சொன்னதாவே ஞாபகம் இல்லையே மாமி. இத்தனை வருஷமா ஏன் பேச மாட்டேங்கறேள்னு நானும் கேக்காத கோவில் இல்லை."

"சம்பந்தி வேடிக்கையா எடுத்துக்கலை."

பிறகு அவள் சொன்னாள்:

"கடைசியிலே கல்யாணமே இல்லாம நாமளே கிணத்தைக் குடிச்சுட்டோமே, மாமி."

நான் சிரிக்கவில்லை. உதடு வறண்டிருந்தது, சிரித்தால் வெடித்திருக்கும்.

அப்போது ஜானகி கொல்லைக் கதவைத் திறந்து கொண்டு வந்தாள். சந்து நல்லியில் இன்றைக்குத் தண்ணீர் விட்டார்களாம், அதைச் சொல்லிவிட்டுப் போக வந்தாளாம். இடுப்பில் நிறைந்த குடம். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"என்ன பெரியம்மா, மூஞ்சி இப்பிடி இருக்கு?"

"ஊத்துடி."

"இது நல்லித் தண்ணி. தோல் இருக்கும்."

"தெரியும். ஊத்து."

இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். ஊற்றினாள். குடித்தேன். நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தவில்லை.

நிமிர்ந்தபோது மதில் வளைவுக்கு அடியில், கிணற்றுக்கு மேலே, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. கையில் டம்ளர்.

மே 21, வெள்ளி

ருக்கு கேட்டாள், டம்ளர் ஜலம் அப்படியே இருக்கே, எப்படி முகம் தெளிவா இருக்கு என்று. பகவான் பார்த்துக் கொள்கிறான் என்றேன்.

ஜூன் 9, புதன்

மழை. நாலு நாளாக. கிணற்று உறை வளையம் இரண்டு மூழ்கிவிட்டது. டிரங்குப் பெட்டி பரணுக்குப் போனது.

வாத்தியார் மழை ஜலத்தில் கலசம் வைத்தார். இரண்டு பக்கமும் தெளித்தார். ஆராவமுதன் பவ்யமாகக் கை கட்டி நின்றார். மோட்டாரை எடுக்காவிட்டால் அடுப்படித் தளிகைக்கு வேறு ஆள் பார்த்துக் கொள்ளுங்கள் என்று யசோதா சொல்லிவிட்டாளாம். அது இப்போது கோணிப்பை சுற்றிக் கொண்டு ஷெட்டில் கிடக்கிறது. ரோஜாவுக்கு இனி குளித்த ஜலம்தானாம். அதுவும் பிழைத்துக் கொண்டுதான் வருகிறது, வெட்கங்கெட்ட செடி.

வாத்தியார் போன பிறகு ருக்கு கேட்டாள்: "இனிமே சந்துக்காரா வர வேண்டாம்னு சொல்லிடலாமாம்மா? சுத்தி பண்ணியாச்சே."

சந்து நல்லி மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் துருப் பிடித்துவிட்டது, சாத்த வரவில்லை என்றேன்.

ஜூலை 18, ஞாயிறு

சுந்தரேசன் சமையலறைக் குழாய்க்கு வேறு வில்லை போட்டான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொண்டேன், முடியும்வரை எழுந்திருக்கவில்லை. "பார் பாட்டி, இது ரப்பர். இனிமே நீ தாராளமா இதைக் குடிக்கலாம்" என்றான். எதற்கு? எனக்குக் கிணறு இருக்கிறது.

ஆனால் சொட்டுச் சத்தம் நின்றுவிட்டது. பொங்கலிலிருந்து கேட்டுப் பழகின காது, வீடே வாயை மூடிக் கொண்ட மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 16, திங்கள்

லால்பாக்கில் ஆராவமுதனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய கோப்பையில் இப்போது யசோதா கொத்தமல்லி விதை போட்டு வைத்திருக்கிறாள். பித்தளைதான். கிட்டத்தில் பார்த்தாச்சு.

பாகீரதிக்கு யசோதா தன் கையாலேயே எழுதிப் போட்டிருக்கிறாளாம், உன் மாமியாரிடம் நான் சொன்னது தப்பு என்று சொல்லு என்று. அந்த அம்மாளா கேட்பாள்! இருந்தாலும் தபால் போய்விட்டது.

வலது தோளில் வலி. ஆடி முழுக்க இருந்தது, இன்றைக்குக் கையே தூக்க முடியவில்லை. கிணற்றடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்துக் கொண்டு நின்றேன். சந்துப் பெண்கள் வந்தார்கள். ஜானகி என் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். கேட்கவில்லை, வாங்கினாள். என் குடத்தை முதலில் நிரப்பி, படியில் வைத்து, மூடி போட்டாள். பிறகுதான் அவள் குடம்.

ருக்கு ஜன்னலில் நின்று பார்த்துக் கொண்டிருந்தாள். பார்க்கட்டும்.

அந்த ஜலத்தைத்தான் ஸ்வாமிக்கு வைத்தேன். அதைத்தான் குடித்தேன்.

மறந்துவிட்டேன் என்று அவள் நினைத்தால் அது அவள் தப்பு. மார்ச் பதினொன்று, வியாழக்கிழமை, ரோஜாச் செடி என்ன ஜாதி என்று என்னைக் கேட்டாள். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்கிறவரைக்கும் தினம் வரட்டும்.